பந்த் நாளில் ஒரு ஜெபக்கூட்டம்

ஆண்டவரின் வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கும் எங்கள் வில்சன் அண்ணனுக்கு, அல்வாலிலிருந்து கிருபா எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். கிரேஸ் அண்ணி மறுபடியும் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டார். உங்கள் மகள் ரூத் அம்மாவைவிட உயரமாகிவிட்டாள். நாம் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. கோயிலில் உங்கள் இடத்தில் பேஸ் என்கிற அடிக்குரல் பாட ஒரு புதுத் தம்பி வருகிறார். அவர் பாடினால் சுருதி சேர்கிறது. உண்மையைச் சொல்கிறேன் அண்ணே, எங்களுக்கு அது இன்னும் பழகவில்லை.

நீங்கள் நாகர்கோவிலிலிருந்து இந்த ஊருக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர். நான் இங்கேயே லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். எனக்கு அண்ணன் இல்லை, உங்களுக்குத் தங்கை இல்லை. பாடகர் குழுவில் நீங்கள் தப்பாகப் பாடியதை நான் திரும்பிப் பார்த்துச் சிரித்ததில் தொடங்கிய உறவு இது.

உங்கள் வீட்டுச் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். முதலில் செய்தித்தாள், பிறகு வேதாகமத்தில் ஓர் அதிகாரம், பிறகு பாட்டும் ஜெபமும், கடைசியில் அண்ணியின் முந்திரிக்கொத்து. ஜெபக்கூட்டத்தில் அரசியல் எதற்கு என்று கோயிலில் பெரியவர்கள் முகம் சுளித்தபோது நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "ஊர்ல என்ன நடக்குன்னு தெரியாம முழங்கால் போட்டா, யாருக்காக ஜெபிக்கதுன்னு தெரியாதுல்லா." ஆராதனையில் டிரம்ஸ் எதற்கு, அது சினிமாவுக்குத்தான் என்று அவர்கள் சொன்னபோது, வேதாகமத்தில் கடைசிச் சங்கீதத்தைப் பிரித்து அதில் உள்ள வாத்தியங்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினீர்கள். அடுத்த வாரமே ரூத்துக்கு டிரம்ஸ் வாங்கிக் கொடுத்தீர்கள். மாடி வீட்டுக்காரர் மட்டும் உங்களை மன்னிக்கவில்லை.

நீங்கள் போன பிறகு செய்தி வாசிக்கும் வேலை எனக்கு வந்தது. கீபோர்டும் நான்தான், செய்தியும் நான்தான். தெலங்கானாப் போராட்டம் சூடுபிடித்த நேரம். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் அதே செய்தி.

நம் பிரசாத் தெலங்கானா பக்கத்துக் கரீம்நகர்க்காரர், சுனிதா ஆந்திரா பக்கத்துக் குண்டூர்க்காரி. இரண்டு பேரும் வெவ்வேறு தமிழ் வீடுகளில் கல்யாணம் செய்து, தமிழ்ச் சபைக்கு வந்தவர்கள். ஒரு சனிக்கிழமை பிரசாத் கண்களை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, எங்க மாநிலத்தை எங்களுக்குக் கொடும்" என்று ஜெபித்தார். ஆமென் வருவதற்குள் சுனிதா எழுந்துவிட்டாள்.

"அப்போ எங்களுக்காக யாரு ஜெபம் பண்றது? நாங்க எங்க போகணும்?" என்று கேட்டாள்.

பதிலுக்கு நிற்காமல் பையை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த வாரம் அவளும் வரவில்லை, பிரசாத்தும் வரவில்லை. செய்தித்தாளை விட்டுவிடலாம், பாடுவோம், வேதம் வாசிப்போம், போதும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. "நக்கோ அண்ணி, வேணாம், இந்த வம்பே நமக்கு நக்கோ" என்றேன்.

அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. "சண்டை வரும்னு பேப்பரை மூடினா, சண்டை நின்னுருமா கிருபா? அவங்க ரெண்டு பேரும் வரணும். அதுக்கு என்ன வழின்னு பாப்போம்" என்றார்.

வழி பந்த் ரூபத்தில் வந்தது. அன்றும் சனிக்கிழமை. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. சுனிதா மாதாப்பூரில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வீடு திரும்ப வண்டி கிடைக்காமல் ஆபீசிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் சென்னையில். வேறு வழியில்லாமல் அண்ணிக்குப் போன் செய்தாள். அண்ணி எங்கள் யாரிடமும் சொல்லாமல் பிரசாத்தைக் கூப்பிட்டுவிட்டார்.

பத்து மணிக் கூட்டத்துக்கு நடந்தே வந்தவர்கள் நாங்கள் சிலபேர்தான். வாசலில் பைக் சத்தம் கேட்டது. பிரசாத் கழுத்தில் போராட்டத் துண்டு. பின்னால் சுனிதா, முகமெல்லாம் புழுதி. இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள்.

"வழியில பசங்க மறிச்சாங்க அண்ணி" என்றாள் சுனிதா. "இவன் என்னை வாயத் தொறக்க வேணாம்னுட்டான். நான் பேசினா கோஸ்தா ஆளு, கடலோர ஆந்திராக்காரின்னு தெரிஞ்சிருமாம். இந்தம்மா யாருன்னு அவனுங்க கேட்டதுக்கு, 'மா அக்கா', எங்க அக்கான்னு கூசாமப் பொய் சொல்றான்."

பிரசாத் ஹெல்மெட்டைக் கழற்றினார். "சர்ச்ல வாரா வாரம் சிஸ்டர் சிஸ்டர்னு கூப்புடுறேனே. அப்போ அதுதான் பொய்யா?"

ரூத்தான் முதலில் சிரித்தாள். பிறகு சுனிதாவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அதுக்காக உங்க மாநிலத்துக்கு நான் ஆமென் சொல்ல மாட்டேன்."

"வேணாம். வந்து உக்காந்தா போதும்."

அண்ணி என் கையில் செய்தித்தாளைக் கொடுத்தார். போராட்டச் செய்தியையும் விடாமல் வாசித்தேன். பிறகு அண்ணி, எரேமியா தீர்க்கதரிசி பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட தன் ஜனங்களுக்கு எழுதி அனுப்பிய அதிகாரத்தை எடுத்தார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் வாழும் பட்டணத்தின் நன்மைக்காக ஜெபம் செய்யுங்கள் என்று வருமே, அது.

"எனக்கு இது பாபிலோன் இல்ல அண்ணி. எம்புள்ள இங்கதான் பொறந்தான்" என்றாள் சுனிதா.

"உங்களைப் போகச் சொன்னது யாரு?" என்றார் பிரசாத்.

"தினம் பேப்பர்ல சொல்றாங்களே."

"நான் சொல்லல அக்கா." குரல் இறங்கியிருந்தது. "எங்க ஊர்ல எந்தம்பி படிச்சிட்டு வேலையில்லாம கெடக்குறான். அதைத்தான் நான் கேக்குறேன்."

எத்தனையோ சனிக்கிழமை ஒன்றாக உட்கார்ந்திருக்கிறோம். அவருக்கு அப்படி ஒரு தம்பி இருப்பது எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்குமோ அண்ணே? நீங்கள்தான் எல்லாரிடமும் வீட்டுக் கதை கேட்பவர் ஆயிற்றே.

ஜெப நேரம் வந்தது. பிரசாத் சுனிதாவின் வீட்டுக்காகவும் மகனுக்காகவும் ஜெபித்தார், அவர்கள் ஜன்னலில் ஒரு கல்கூட விழக்கூடாது என்று. சுனிதா அந்தத் தம்பியின் வேலைக்காக ஜெபித்தாள். யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பிரசாத் கடைசியில் மாநிலத்தையும் மறக்காமல் கேட்டுக்கொண்டார். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். சுனிதா உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். ஆனால் எழுந்து போகவில்லை.

அப்புறம் பாடினோம். தெருவே அடங்கிக் கிடந்ததால் ரூத்தின் டிரம்ஸ் பிரதான சாலை வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். முனையில் பந்தோபஸ்துக்கு நின்ற கான்ஸ்டபிள் லத்தியோடு வந்துவிட்டார். பாட்டை நிறுத்தினோம். ரூத் எழுந்து போய்த் தெலுங்கில் ஏதோ சொன்னாள். அவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு பாட்டுப் பாடச் சொன்னார். காலையிலிருந்து கத்தலைத் தவிர எதையும் கேட்கவில்லையாம். அவருக்கும் முந்திரிக்கொத்து கிடைத்தது.

மாநிலம் ஒன்றா இரண்டா என்று இதை எழுதும் நாள்வரை முடிவாகவில்லை. நம் கூட்டமும் ஒரே கருத்துக்கு வரவில்லை. போன வாரம்கூட வாக்குவாதம்தான். ஆனால் சுனிதா இப்போது பிரசாத்தை 'தம்முடு', தம்பி என்று கூப்பிட்டுத்தான் திட்டுகிறாள். இதற்காகத்தான் அந்தக் கூட்டத்தைத் தொடங்கினீர்களா, அல்லது உங்களுக்கே தெரியாமல் நடந்ததா? கேட்டுவைக்காமல் விட்டேனே.

இன்னொரு செய்தி. ரூத் சபை முன்னால் தன் விசுவாசத்தைச் சொல்லும் திடப்படுத்தல் ஆராதனைக்குத் தயாராகிறாள். ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ பதில் சொல்லலாம் என்று நம் சபைப் போதகர் ஐயர் சொல்லியும், "டாடி பாஷையில சொல்றேன்" என்று நிற்கிறாள். தமிழ் எழுத்து தெரியாது. விசுவாசப்பிரமாணத்தைத் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, நாகர்கோவில் ராகத்தோடு படிக்கிறாள். கேட்டால், ஆராதனை நடத்த வரும் பேராயர்கூடச் சிரித்துவிடுவார்.

அன்றைக்கு அவளுக்குப் பக்கத்தில் உங்கள் இடத்தில் நான் நிற்பேன் அண்ணே. அவள் திக்கினால் மெல்ல எடுத்துக் கொடுப்பேன். அதற்குப் பிறகும், அவள் எந்த மொழியில் சந்தேகம் கேட்டாலும், எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும், அவளுக்கு இங்கே ஓர் அத்தை இருப்பாள். இது என் வாக்கு.

கூடப் பிறக்காமல் கிடைத்த உங்கள் தங்கை,
கிருபா