நரைத்த ஜூனியர் தன் தங்கைக்கு எழுதியது

எனக்கு வாயாக இருந்த தங்கை மல்லிகாவுக்கு,

நீ போய் ஓர் ஆண்டு ஆகிறது. நினைவு மலரில் உன் படத்தைப் போட்டு, கீழே நாலு வரிக் கவிதை போட்டால் போதும் என்றார்கள் பிள்ளைகள். எனக்கு உன்னிடம் சொல்ல வேண்டியது அதைவிடக் கொஞ்சம் நீளம். ஊரார் படிப்பார்களே என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. வரிசை தப்பிவிடக் கூடாது என்பதால் முதலிலேயே குறித்துக்கொள்கிறேன்.

1. தேர்வு என்ன ஆயிற்று.
2. வேலை எப்படிக் கிடைத்தது.
3. நீ மட்டும் கூட இருந்திருந்தால், கோர்ட்டில் எனக்கு இத்தனை நடுக்கம் இருந்திருக்காது என்பது.
4. ஒரு வாக்கு.

கடிதத்துக்குக்கூடப் பொருளடக்கமா என்று நீ சிரிப்பாய். ஏனாத்தூரில் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் வேறு எப்படி எழுதுவேன்? "பேசாம இருக்கிறதுக்குச் சம்பளம் குடுக்கிற வேலை ஊர்லயே அது ஒண்ணுதாண்ணா, கரெக்டா போய் சேந்துக்கின" என்று நீ அடிக்கடி சொல்வாய். நானும் மறுத்ததில்லை. மறுத்துப் பேச வேண்டுமே.

எனக்காகப் பேசுவதை நீ பாவாடை சட்டை போட்ட நாளிலேயே ஆரம்பித்துவிட்டாய். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமா என்னிடம் கேட்ட கேள்விக்கு, "எங்க அண்ணனுக்குப் பிடிச்சிருக்குதாம்" என்று பதில் சொன்னவள் நீ. கல்யாணத்துக்குப் பிறகுதான் மாப்பிள்ளையின் குரலையே கேட்டேன் என்று உன் அண்ணி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஓய்வு பெற்ற பின் என்னைச் சட்டம் படிக்கத் தள்ளியதும் நீதான். "அவ்ளோ புக்கு அடுக்குனியே, ஒண்ணையாவது உனக்காகப் படி" என்றாய். படித்தேன். படித்து முடிக்கும் நேரத்தில் சட்டங்களையே மாற்றி, பிரிவு எண்களையும் மாற்றிவிட்டார்கள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். உன் கவலை வேறு. "அப்போ இனிமே ஒருத்தனை போர் ட்வென்டின்னு திட்ட முடியாதா?" என்று கேட்டாய். மோசடிக்கு இப்போது முந்நூற்றுப் பதினெட்டு என்றேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "வாய்க்கு வரலபா, பழசே இருக்கட்டும்" என்றாய்.

இனி தேர்வு. வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டாலும் பார் கவுன்சில் தேர்வில் தேறினால்தான் தொழிலில் நீடிக்க முடியும். சட்டப் புத்தகங்களை உள்ளே கொண்டுபோகலாம், ஆனால் அதில் ஒரு குறிப்புகூட எழுதியிருக்கக் கூடாது. என் புத்தகங்களோ ஓரமெல்லாம் பென்சில். புதிதாக வாங்கலாம் என்றாள் உன் அண்ணி. பழகிய பக்கம் என்றால்தான் என் கைக்கு இடம் தெரியும் என்று நான் அழிக்க உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நீ கட்டிலோடு இருந்த நாட்கள் அவை. ஒரு ரப்பரைக் கேட்டு வாங்கி, ஒப்பந்தச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு நீயும் அழித்தாய். "மூணு வருசம் எழுதினதை அழிச்சாத்தான் பரீட்சையா? நல்லா இருக்குதுபா உங்க படிப்பு" என்றாய். உன் போர்வையெல்லாம் ரப்பர் தூள். கை வலித்தால் வைத்துவிடேன் என்றதற்கு, "கை வலிச்சா நல்லதுதாண்ணா, வயித்து வலி மறந்து பூடுது" என்றாய்.

நான் தேர்வு எழுதிவிட்டு வந்தபோது நீ இருந்தாய். முடிவு வந்தபோது உன் காரியம் முடிந்திருந்தது. தேறிவிட்டேன், மல்லிகா. யாரிடம் முதலில் சொல்வது என்று தெரியாமல் ரொம்ப நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது வேலை. அறுபதைத் தாண்டிய ஜூனியரை யாருக்கும் பிடிக்கவில்லை. முதலில் போன வழக்கறிஞர் என்னைக் கட்சிக்காரர் என்று நினைத்து, "நிலத் தகராறா, பாகப் பிரிவினையா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். "நீங்க என் கேஸ் கட்டைத் தூக்கிக்கினு பின்னால வந்தா, பார்க்கிறவங்க என்னை என்னா சொல்லுவாங்க சார்?" இன்னொருவர் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நான் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். நீ வந்திருந்தால் அந்தக் காபிக்கே ஒரு வாதம் செய்திருப்பாய்.

கடைசியில் வான்மதி மேடம் சேர்த்துக்கொண்டார். நம் பெரியவன் வயதுகூட இருக்காது. "சார், கட்டு தூக்க எனக்கு ஆள் இருக்குது. நான் மேல் கோர்ட்ல மாட்டிக்கினா இங்க எழுந்து பேசத்தான் ஆள் வேணும். பொங்கல் வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள உங்க வாயிலேருந்து ஒரு வார்த்தை வரலன்னா, வருத்தப்படாதீங்க, வேற இடம் பாத்துக்கங்க" என்றார். நியாயமான பேச்சு.

சேர்ந்த பிறகு ஒரு வேடிக்கை. கருப்புக் கோட்டோடு நாங்கள் இருவரும் நடந்தால், வருகிறவர்கள் எல்லாம் எனக்குத்தான் கும்பிடு போடுகிறார்கள். மேடத்திடம், "பாப்பா, பெரிய வக்கீல் ஐயா எப்போ ஃப்ரீ?" என்று கேட்கிறார்கள். மேடம் சிரித்துக்கொண்டே, "ஐயா பேச மாட்டாரு, என்கிட்டயே சொல்லுங்க" என்பார். அவர் விளையாட்டாகச் சொல்வது எனக்குச் சுருக்கென்று இருக்கும். மார்கழி வரை அதுதான் உண்மை. பெயர் கூப்பிடும்போது நான் எழுந்து கேஸ் கட்டைப் புரட்டுவேன், பக்கத்து ஜூனியர் பெண் எனக்காகச் சொல்லிவிடுவாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் எஸ்தரின் வழக்கு வந்தது. முசரவாக்கத்துப் பெண். ஒற்றை அறையில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறாள். அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் வலுக்கட்டாயமாகக் காலி செய்ய வைக்கக் கூடாது என்று தடை வாங்கியிருந்தோம். வழக்கு தள்ளுபடியானால் அன்று மாலையே கடைக்குப் பூட்டு விழும். மேடம் மேல் கோர்ட்டில் வாதத்தில் நின்றுகொண்டிருந்தார். வழக்கைக் கொஞ்ச நேரம் தள்ளிக் கூப்பிடச் சொல்லிக் கேட்பதுதான் என் வேலை. பாஸ் ஓவர் என்பார்கள். அன்றைக்குப் பக்கத்தில் அந்த ஜூனியர் பெண்ணும் இல்லை.

பெயர் கூப்பிட்டார்கள். எழுந்தேன். நீதிபதி என் தலையைப் பார்த்துவிட்டு மரியாதையாக, "சொல்லுங்க சார், வாதத்தை ஆரம்பிக்கலாமா?" என்றார்.

"நான் ஜூனியருங்க ஐயா" என்றேன்.

பின்வரிசையில் சிரித்தார்கள். நீதிபதியும் லேசாகச் சிரித்தார். எதிர்த் தரப்பு வக்கீல் விடவில்லை. "இவங்களுக்கு இதே பழக்கம்ங்க ஐயா. வாதி தரப்பு எப்பவும் தயாரா இருக்கிறதில்ல. தள்ளுபடி பண்ணிடுங்க" என்றார். திரும்பிப் பார்த்தேன். எஸ்தர் முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ புடவை விற்ற பட்டுக் கடையில் ஆந்திராக்காரர்களிடம் எப்படித்தான் பேச்சை ஆரம்பிக்கிறாய் என்று உன்னிடம் ஒரு முறை கேட்டேனே, நினைவிருக்கிறதா? "என்னா வேணும்னு கேட்டா அவங்களே குழம்பிப் பூடுவாங்கண்ணா. ஒரு புடவையை எடுத்து விரிச்சிடணும். விரிச்சிட்டா பேச்சு தானா வரும்" என்றாய். விரிப்பதற்கு என்னிடம் இருந்தது ஒன்றுதான். வழக்குக் கட்டை நான் வரி விடாமல் படித்திருந்தேன்.

"போன வாய்தா கேட்டது அவங்க தரப்புங்க ஐயா" என்றேன். குரல் நடுங்கியது. "அதுக்கு முந்தினதும் அவங்கதான் கேட்டாங்க. நாங்க இன்னிக்குத்தான் முதல் முறையா கேக்கறோம். அதுவும் மத்தியானம் வரைக்கும்தான்."

நீதிபதி தாள்களைப் புரட்டினார். எதிர் வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, சாப்பாட்டுக்கு அப்புறம் கூப்பிடுங்க" என்றார் நீதிபதி. மத்தியானம் மேடம் வந்து வாதாடினார். தடை நீடித்தது. வெளியே எஸ்தர், "ஐயா, நீங்க பேசுவீங்களா?" என்று கேட்டாள். மேடம் அடுத்த வழக்கின் கட்டை என் கையில் கொடுத்தார். பொங்கல் போய்விட்டது. நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

இப்போது வாக்கு. எஸ்தர் வழக்கில் வீட்டுக்காரர் சாட்சிக் கூண்டேறும்போது, "நீங்களே குறுக்கு விசாரணை பண்ணுங்க சார்" என்றிருக்கிறார் மேடம். பண்ணுவேன். நடுங்கினாலும் பண்ணுவேன். கேள்விகளை எழுதி வைத்தாகிவிட்டது.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். மூன்றாவது குறிப்பு தவறு, மல்லிகா. நீ கூட இருந்திருந்தால் எனக்கு நடுக்கம் இருந்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் நான் எழுந்தே இருந்திருக்க மாட்டேனே. பின்வரிசையிலிருந்து நீதான் எழுந்து, "எங்க அண்ணன் என்னா சொல்றாருன்னா ஐயா" என்று ஆரம்பித்திருப்பாய். நான் நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன். இப்போதும் எனக்கு ஆசை அதுதான்.

குறிப்பை அழிக்கலாம் என்று பார்த்தேன். பேனாவில் எழுதிவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
இந்த வயதில் பேசப் பழகும்
உன் அண்ணன்