கோர்வின் எந்தப் பட்டியலில்

ஜனவரி 9, திங்கள்

மைனஸ் இருபத்தாறு டிகிரி. நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் எஞ்சின் சூடேறவே இருபது நிமிடம் ஆனது. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பினால் என் வாசலில் மருமகள் ஜோடீனின் வண்டி. என் மகன் கோர்வின் செத்துப் பத்து மாதமாகிறது. அவள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள், இன்று திங்கள்.

கையில் ஒரு கத்தைக் காகிதம். மாநிலச் சட்டமன்றத்தில் மசோதா வருகிறதாம். ராணுவத்தின் பகுதிநேர ரிசர்வ் படையில் இருப்பவரோ இருந்தவரோ தற்கொலை செய்துகொண்டால், அந்த மாவட்டத்தின் மரண விசாரணை அதிகாரி அதை மாநிலத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். பிப்ரவரியில் குழு கூடுகிறது. ஜோடீன் அங்கே பேசப் போகிறாள்.

"நீங்களும் வரணும், வெர்னா. பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும்."

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

ஜனவரி 12

எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். கோர்வின் பதினோரு வருடம் மாதம் ஒரு சனி ஞாயிறு ரிசர்வுக்குப் போய் ராணுவ லாரிகளைப் பழுது பார்த்தான். போன வருடத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் விலகிக் கையெழுத்துப் போட்டான். போன மார்ச்சில் செத்தான். படைப்பிரிவில் கேட்டால், விலகிவிட்டாரே என்கிறார்கள். முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் கேட்டால், முழுநேரப் பணிக்கு அழைக்கப்படாதவர், சட்டப்படி முன்னாள் வீரரே இல்லை என்கிறார்கள். மாவட்டம் கொடுத்த இறப்புச் சான்றிதழில் விபத்து என்று இருக்கிறது.

"அப்ப அவர் யாரு, வெர்னா?" என்று ஜோடீன் கேட்டாள். பதிலை நான் வைத்திருப்பதுபோல.

ஜனவரி 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது ஆரின் வந்தார். எங்கள் மாவட்ட மரண விசாரணை அதிகாரி. என் கணவர் இருந்த காலத்தில் வியாழன்தோறும் அவரோடு பந்து உருட்டும் பௌலிங் ஆடப் போனவர். ஜோடீன் எல்லார் முன்னாலும் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"விபத்துன்னு எதை வச்சு எழுதினீங்க? குழு முன்னாடி உங்க பேரைச் சொல்லித்தான் பேசப் போறேன்."

ஆரின் முகம் சிவந்துவிட்டது. "சொல்லும்மா" என்றார். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேனோ? தெரியவில்லை. கேக்கை வெட்டிக்கொண்டிருந்தேன் — யாரும் கேட்காமலே இருபது துண்டு.

ஜனவரி 16

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். நான்தான் கேட்டேன்.

கோர்வின் செத்த அன்று ஆரின் குறிப்பேட்டைத் திறந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விபத்துன்னு போடுங்க, கெஞ்சிக் கேக்கறேன் என்றேன். "வெர்னா, எனக்கு உறுதியாத் தெரியுது" என்றார். எனக்குத் தெரியலையே, அம்மாக்காரி எனக்கே தெரியலையே, ஒங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் பேனாவை மூடினார். பிறகு திறந்தார்.

பொய்யா அது? தெரியும், தெரியாது, இரண்டும்தான். மறுநாள் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு சனம் வரும், என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தும், அதை என்னால் தாங்க முடியாது என்று மட்டும் தோன்றியது. அவனைக் காப்பாத்தினேனா? என்னையா?

ஜனவரி 24

பனிப்புயல். பள்ளி இல்லை. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 2

ஆரின் போன் செய்தார். "திட்டு எனக்குத்தான், வாங்கிக்கிறேன். ஒன்னை இழுக்க மாட்டேன்."

"ஏன் எழுதினீங்க ஆரின்? நான் கேட்டா எழுதிடுவீங்களா?"

"இப்படிக் கேட்டதுல நீ முதல் ஆள் இல்ல, வெர்னா" என்றார்.

பிப்ரவரி 9, வியாழன்

மாநிலத் தலைநகருக்கு மூன்று மணி நேரம். ஜோடீன் ஓட்டினாள். வண்டியில் சொல்லிவிடுவது என்று இருந்தேன். அவள் வழிநெடுக உரையை ஒப்பித்துக்கொண்டே வந்தாள், குறுக்கிட முடியவில்லை. இது சாக்கு. பயம்தான்.

நன்றாகப் பேசினாள். ஓர் உறுப்பினர் கேட்டார், "அந்த அதிகாரி ஏன் அப்படி எழுதினார்னு நெனைக்கிறீங்க?"

"அலட்சியம், சார். வேற என்ன?"

நான் எழுந்து நின்றேன். குழுத் தலைவர், "பேசப் பேர் குடுத்திருக்கீங்களாம்மா?" என்றார்.

"இல்லை. நான் அவனோட அம்மா. விபத்துன்னு எழுதச் சொன்னது நான்தான்."

பிறகு சொன்னதில் ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. "அவரால எங்கிட்ட முடியாதுன்னு சொல்ல முடியல. இந்தச் சட்டம் இருந்திருந்தா சொல்லியிருப்பார்."

திரும்பும்போதும் ஜோடீன்தான் ஓட்டினாள். என் வாசலில் வண்டியை நிறுத்தி, முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்: "பதினோரு மாசம் என்னைப் பைத்தியக்காரி மாதிரி அலைய விட்டீங்களே."

பிப்ரவரி 10

ஜோடீன் போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 13

ஆரினின் அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கொடுத்தேன். சான்றிதழைத் திருத்தச் சொல்லி அவரும் கையெழுத்திட்டார். ஒரே ஒரு சொல்தான் மாறுகிறது. வெளியே வந்து நடைபாதையில் நின்றேன். பாரம் குறையும் என்கிறார்களே — குறையவில்லை. வேறிடத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 14

ஒரு வருடம். கல்லறையில் எனக்கு முன்பே யாரோ பனியை வாரி ஒதுக்கியிருந்தார்கள். ஜோடீனின் காலணித் தடம்தான்.

ஏப்ரல் 6

மசோதா ஒரு அவையில் தேறிவிட்டது. இன்னொன்றில் அடுத்த வாரம் வாக்கெடுப்பு. தேறுமா என்று யாருக்கும் தெரியாது.

மாலை நாலு மணிக்கு ஒரு போன். மாவிஸ் என்று பெயர் சொன்னாள், பக்கத்து மாவட்டமாம். "நீங்க குழு முன்னாடி பேசினதை வானொலியில கேட்டேன். எம் பொண்ணும் ரிசர்வுலதான் இருந்தா. அவளுக்கும் விபத்துன்னுதான்... நானும்தாங்க கேட்டேன்..." பிறகு எந்தப் படிவம், யாரிடம் கொடுப்பது என்றாள். அதெல்லாம் எனக்கெங்கே தெரியும்? ஜோடீனுக்குத்தான் தெரியும்.

எட்டு வாரம் கழித்து அவள் எண்ணை அழுத்தினேன். இரண்டாவது மணியில் எடுத்தாள். மாவிஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.

"எந்த ஊர்?" என்றாள்.

சொன்னேன்.

"நாளைக்குப் புனித வெள்ளி, உங்களுக்கு பஸ் ஓட்டற வேலை இல்ல. ஏழு மணிக்கு வரேன். தயாரா இருங்க."