இருபது-ஐம்பதா, பத்து-நாற்பதா

டிச. 3, செவ்வாய்

காலையில் கடும் பனி. பழைய தங்கச் சுரங்கத்து சயனைடு மண்மேடுகூடத் தெரியவில்லை. இவருக்குக் கோலாரில் டயாலிசிஸ். பங்காரப்பேட்டை தாண்டியதும் டேஷ்போர்டில் சிவப்பு லைட், ஆயில் டப்பா படம். இவருக்கு சுகரில் கண் மங்கிப்போச்சு, லைட் தெரியாது. நான் சொன்னதும் கத்தினார்: "ஆஃப் பண்ணு ஸ்டெல்லா! உடனே!"

ஓரங்கட்டி டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் நுனியில்கூட ஆயில் இல்லை. பங்க் வரைக்கும் நடந்தேன். இருந்த ஏதோ ஒரு ஆயில், ஒரு லிட்டர். புனல் இல்லை, பாதி இன்ஜின் மேலேயே கொட்டினது. கோலார் போய்ச் சேர ரொம்ப லேட். அடுத்த ஆளுக்கு மெஷின் வேணும், அதனால் இவருக்கு முழு நேரம் ஓட்டவில்லை.

திரும்பி ஊரிகம் வீட்டுக்கு வந்தோம். வாசலில் இறங்கினப்போ: "வண்டிய வித்துடு. இனிமே நானும் போவல."

எதுக்கு 'போவல' என்று கேட்கவில்லை. டயாலிசிஸுக்குத்தான்.

டிச. 4, புதன்

ஸ்கூல் முடிந்து நேரே மெக்கானிக் பாஷாவிடம். காலையில் ஸ்டார்ட் பண்ணினா நீலப் புகை, அப்புறம் புகை நின்னுடுதுன்னேன்.

"வால்வு சீல் ரப்பர் காஞ்சி போயிருக்கு டீச்சர். லட்சத்து எழுபதாயிரம் ஓடின வண்டி, ஆயில் குடிக்கும். திக்கா இருபது-அம்பது ஆயில் ஊத்துங்க, அடங்கும்."

"இன்ஜினே போச்சா?" என்றேன்.

"அதெல்லாம் இல்ல. இன்ஜின் கல்லு மாதிரி கீது."

ஆயில் கடையில்: "ஃபுல் சிந்தெடிக் போடுங்க மேடம், அதுதான் பெஸ்ட்."

கொழுந்தனார் போனில்: "ஆயில் இன்னா அண்ணி ஆயில்? வித்துட்டு டாக்ஸில போங்க." வாரம் ரெண்டு தரம் விடியற்காலையில் டாக்ஸியா? வருமா?

ராத்திரி இவர் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

டிச. 5, வியாழன்

ஸ்டாஃப் ரூமில் வண்டியோடு வந்த புக்கை எடுத்து வைத்துப் படித்தேன். ஆயில் பேரில் முதல் நம்பர் குளிரில் எப்படி ஓடும் என்பதுக்கு, ரெண்டாவது சூட்டில் எவ்வளவு திக்கா நிக்கும் என்பதுக்கு. இருபது-ஐம்பதும் போடலாமாம், பத்து-நாற்பதும் போடலாமாம். எங்கள் வண்டி கிளம்புவதே விடியற்காலைப் பனியில். அந்த நேரத்தில் ரொம்ப திக்கா இருந்தால் ஆயில் இன்ஜின் மேலே ஏற நேரமாகும், அதுவரைக்கும் இன்ஜின் காய்ந்துதானே ஓடும்? பங்காரப்பேட்டை ரோட்டு வெயிலுக்கு நாற்பது போதும். பழைய வண்டிக்கென்றே, சீல் காயாமல் இருக்க மருந்து சேர்த்த பத்து-நாற்பது வருதாம்.

முடிவு பண்ணியாச்சு.

வீட்டில் இவரிடம் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தார்.

"என் வண்டிக்கு ஆயில் நான் சொல்றேன். இருவது-அம்பது."

"அது வேணாங்க."

"இன்னா தெரியும் உனக்கு? ஃபேக்டரில எத்தன மெஷின் பாத்தவன் நான்!"

"அந்த மெஷினெல்லாம் பனில நின்னுச்சா?"

பெரிய சண்டை. பக்கத்து வீட்டு மேரி எட்டிப் பார்த்தாள். கோபத்தில் ரெண்டு இட்லி சாப்பிட்டார். மூணாவது கேட்டார்.

சாயங்காலம் பாஷாவிடம் பழைய ஆயில், ஃபில்டர் எல்லாம் மாற்றியாச்சு. பத்து-நாற்பது. "உங்க இஷ்டம் டீச்சர்" என்றான்.

டிச. 6, வெள்ளி

இருட்டு. குளிர். இவர் போர்வைக்குள்ளேயே. "எழுந்திருங்க"ன்னேன். இழுத்து மூடிக்கொண்டார். போய்ச் சாவியைத் திருப்பினேன். 'டக் டக்'னு கொஞ்சம் சத்தம், அப்புறம் அடங்கினது. புகை இன்னும் வந்தது. ஆனால் கம்மி. இல்லை, கம்மியா இருக்கணும்னு எனக்கு ஆசையா?

திரும்பினால் வாசல்படியில் இவர். மஃப்ளர், வெறுங்கால்.

"ஆஃப் பண்ணி இன்னொரு தரம் ஸ்டார்ட் பண்ணு."

பண்ணினேன். பானட்டில் கை வைத்துத் தலையைச் சாய்த்துக் கேட்டார். "டாப்பெட்டோட டக் டக் சத்தம் சீக்கிரமே அடங்குது" என்றார். சொல்லப் பிடிக்காமல் சொன்ன மாதிரி.

"ஏறுங்க, போற வழியெல்லாம் கேக்கலாம்."

செருப்பைத் தேடினார்.

நேரத்துக்குப் போனோம். மெஷினை முழு நேரம் ஓட்டினார்கள். நர்ஸிடம் இவர்: "இவ என் பேச்சு கேக்கறதே இல்லம்மா." அந்தப் பெண் சிரித்தது. வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அப்புறம் டீ.

டிச. 8, ஞாயிறு

கோயில் முடிந்து வந்து, இன்ஜின் ஆறினதும் டிப்ஸ்டிக் பார்த்தேன். மேல் கோட்டுக்குக் கீழே ஒரு நூல் இறங்கியிருக்கு. குடிக்குது, நிறுத்தவில்லை. இனி வாரா வாரம் பார்க்கணும், டிக்கியில் ஒரு லிட்டர் போட்டு வைக்கணும். புனலும்.

இவரிடம் மறைக்கவில்லை.

"நான் சொன்னதக் கேட்டிருந்தா?"

"அப்பவும் குடிச்சிருக்கும். பாஷா சீல் மாத்தணும்றான்."

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். உள்ளேயிருந்து இவர் குரல்:

"மே மாசம் உனக்கு லீவு உடுவாங்க இல்ல, அப்போ பாஷாவ இன்ஜினப் பிரிக்கச் சொல்லு. நான் கூட நிக்கணும். உங்க ரெண்டு பேர நம்பி உடமாட்டேன்."

'இனிமே போவல' என்றவர், மே மாசம் என்றார்.

குழம்பு அடிபிடித்துவிட்டது.