பச்சை மைச் சீட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? அப்பா மாத்திரை போடுகிறாரா, இல்லை டப்பாவில் வைத்து அழகு பார்க்கிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். சளிகூடப் போய்விட்டது.

நேற்று ஒரு கூத்து. எச்.ஐ.வி. பற்றித் தங்களோடு படிப்பவர்களுக்கு எடுத்துச் சொல்ல, இந்தப் பள்ளியில் பன்னிரண்டு பிள்ளைகளைப் பழக்குகிறேன் அல்லவா? கேட்கக் கூச்சமான கேள்வியைப் பெயர் போடாமல் எழுதிப் பெட்டியில் போடலாம். யார் எழுதியது என்று யாரும் தேடக் கூடாது. அந்த விதியைப் பலகையில் எழுதியவளே நான்தான்.

"அம்மாவுக்கு இருந்தா எனக்கும் இருக்குமா?" என்றது ஒரு சீட்டு. பச்சை மை. வகுப்பில் பச்சைப் பேனா ஒருத்தியிடம்தான் உண்டு. உரக்கப் படித்த கையோடு என் கண் அவளிடம் போய்விட்டது. கூடவே பதினொரு தலைகளும் திரும்பின.

"யாராவது பொதுவா கேட்டிருப்பாங்க மிஸ்" என்று அவளே எனக்குக் கைகொடுத்தாள்.

"இருக்கணும்னு இல்ல. டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடும், மருந்தும் இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லி முடித்தேன்.

இன்று அவள் வரவில்லை. அவள் நாற்காலியைப் பார்க்கவே கூசியது.

ஒரே மாதிரி நீலப் பேனா ஒரு டஜன் அனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கும்தான், நீங்கள் அனுப்பினால் தேவலை.

பள்ளி நாளில் என் பைக்குள் இருந்த கடிதத்தை நீங்கள் படித்தது எனக்குத் தெரியும் அம்மா. ஒன்றுமே தெரியாதவர்போல எனக்குத் தலை பின்னிவிட்டீர்கள். அந்த முகத்தை எப்படி வைத்துக்கொண்டீர்கள்? உடனே எழுதுங்கள். அவள் திரும்பி வந்தால் எனக்கு அந்த முகம் வேண்டும்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மூத்தவள்