மூன்றாம் ஓலைக்கு முன்

என் அன்பு ஸ்டெல்லா அண்ணிக்கு,

நேற்று ஞாயிறு பூசையில் அண்ணனுக்கு இரண்டாவது கல்யாண ஓலை வாசித்தார்கள். பெண்ணுக்கு ஊர் ஆனேக்கல். "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்" என்று ஃபாதர் படித்தபோது அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"மொதல் சம்சாரத்துக்குக் கர்ப்பப்பை சரியில்ல, பாவம்" என்று பெண் வீட்டில் அம்மா சொல்லியிருக்கிறாள். அம்மா பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

குழந்தை இல்லாததற்குக் குறை அண்ணனுடையது என்று நாம் மூன்று பேருக்குத்தான் தெரியும். ரிப்போர்ட் வாங்க அவன் வரமாட்டேன் என்றதால் நான் உங்களோடு வந்தேன். டாக்டரம்மா காகிதத்தில் ஒரு வட்டம் வரைந்து காட்டினார். "விந்தணு ரொம்பக் கம்மி. ஆனா ஒரு முட்டைக்கு ஒண்ணு போதும். அத ஊசியால முட்டைக்குள்ள வெச்சிடுவோம்." படியிறங்கும்போது நீங்கள் சிரித்தீர்கள். "உங்கண்ணனுக்கு ஒண்ணு போதுமாம் ஸ்டீபா. எனக்குத்தான் தெனம் ஒரு ஊசி."

முட்டைகள் நிறைய வளர வேண்டுமென்று அந்த ஊசியை உங்கள் வயிற்றில் போட்டார்கள். மருந்தை ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தீர்கள். அம்மா கேட்டால் என் கண் மருந்து என்று சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். அதே வாரம் அம்மா உங்களை மாதா கோயிலுக்குக் கூட்டிப்போய் மரத்தொட்டில் கட்ட வைத்தாள். ஊசி குத்திய வயிற்றோடு நின்று கட்டினீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா?

முட்டை எடுத்த மூன்றாம் நாள் வயிறு உப்பி, மூச்சு வாங்கியது. அம்மாவும் கூட வந்ததால் அண்ணன் சிகிச்சை எடுத்த இடத்துக்குப் போகாமல் வீட்டுக்குப் பக்கத்தில் ஆஸ்டின் டவுனிலேயே ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

"ஏதாவது ட்ரீட்மென்ட் எடுத்துக்கிறீங்களாம்மா?"

நீங்கள் அண்ணனைப் பார்த்தீர்கள். "ஒண்ணுமில்ல டாக்டர், கேஸ்" என்றான் அவன். கட்டிலின் கால்மாட்டில் உங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை.

வாயுவுக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு நாளில், ஊசி மருந்தால் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலை அடைத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அண்ணனையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டு ஒன்றுதான் கேட்டார்: "இத முதல்லயே ஏன் சொல்லல?"

அந்தச் சிகிச்சையை நான் பழிக்கமாட்டேன், அண்ணி. என்னோடு வேலை செய்யும் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர் ஒருவருக்கு அப்படித்தான் மகள் பிறந்தாள். "கோளாறு எனக்குத்தான்பா" என்று டீ குடித்துக்கொண்டே சொல்கிறார். பிரஷர், சுகர் மாதிரி அதுவும் ஒரு உடம்புக் கோளாறு. அதை வெளியே சொன்னால் ஆம்பளை இல்லை என்கிற தெருவில் நாம் இருந்தோம். அந்தத் தெருவுக்குப் பயந்து மூன்று பேர் பொய் சொன்னோம். செத்தது நீங்கள்.

பூசை முடிந்து கோயில் வாசலில் அண்ணனிடம் கேட்டேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?"

"மொதல்ல கல்யாணம் ஆகட்டும்டா. அப்புறம் அதே ட்ரீட்மென்ட் எடுத்துக்கலாம்."

"அதே மாதிரி ஒளிச்சா?"

"உன் வேலையப் பாரு" என்று வண்டியை எடுத்தான்.

அதைத்தான் பார்க்கப் போகிறேன். நீங்கள் என்னிடம் கொடுத்து வைத்த ரிப்போர்ட் ஃபைல் பத்திரமாக இருக்கிறது. நாளைக் காலை அதோடு ஆனேக்கல் பஸ் ஏறுகிறேன். ஃபாதரிடம் அப்புறம் போகலாம். முதலில் அந்தப் பெண்ணுக்குத் தெரியட்டும். கட்டிக்கொள்வதும் மறுப்பதும் அவள் இஷ்டம். கட்டிலின் கால்மாட்டில் நான் நின்றதையும் சொல்வேன். அதற்குப் பிறகு அம்மா என்னை வீட்டில் சேர்க்கமாட்டாள். பரவாயில்லை.

அந்தப் பெண்ணிடமும் ஒரு டாக்டர் அதே கேள்வியைக் கேட்கும்வரை நான் காத்திருக்க மாட்டேன், அண்ணி. இது சத்தியம்.

உங்கள் செருப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்ற கொழுந்தன்,
ஸ்டீபன்