ஒரு கழித்தல் குறிக்கு இரண்டு வீடா?

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால் நீங்கலாக உன் அப்பாவும் நலம், தையல் மெஷின் எங்கள் இருவரையும்விட நலம். நீ நலமா என்று நான் கேட்கப் போவதில்லை, உன் கடைசி இரண்டு கடிதங்களைப் படித்தபிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது. இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான், ஆனால் என் குரல் கொஞ்சம் ஏறினால் நீ பாதியில் வைத்துவிடுவாய். காகிதத்திடம் அந்த வித்தை பலிக்காது, உட்கார்ந்து முழுசாகப் படி.

கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் மனைவி, உன் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏன் தனித்தனியாக இருக்கிறார்களாம் என்று மாடிப்படியிலேயே என்னை மடக்கிக் கேட்டாள். நானும் உள்ளதைச் சொன்னேன், காலத்துக்குக் கூட்டல் குறி போடுவதா கழித்தல் குறி போடுவதா என்று சண்டை என்றேன். அன்றிலிருந்து ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை, நான் எதையோ மறைக்கிறேனாம். குடியா, வேறு பெண்ணா என்று அவள் கேட்டபோதே ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம், குடும்பத்துக்குக் கௌரவமாக இருந்திருக்கும்.

நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து எழுதும் புத்தகத்தின் விஷயம்தான் எனக்குச் சிரிப்பை மூட்டுகிறது. மூன்று கடிதங்களில் நீ விளக்கினாய், நானும் துணியை மடித்து வைத்துவிட்டுக் கவனமாகப் படித்தேன். குவாண்டம் என்று ஒரு கொள்கை, கண்ணுக்கு எட்டாத சின்னத் துகள்களின் சங்கதி, அதில் எல்லாருக்கும் ஒரே கடிகாரம். சிறப்புச் சார்பியல் என்று இன்னொன்று, அதில் ஆளுக்கொரு கடிகாரம், ஒளியை எதுவும் முந்தக் கூடாது, ஆற்றல் பொருளாகும் பொருள் ஆற்றலாகும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் தங்கம், ஒரே வீட்டில் விட்டால் கீரியும் பாம்பும். ஒற்றைத் துகளின் சமன்பாட்டைச் சார்பியலுக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதிப் பார்த்தால், ஒரு காரியம் நடக்கும் வாய்ப்பு பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டதாமே. பூஜ்யத்துக்கும் கீழே என்றால் என்ன அர்த்தம் என்று அப்பா கேட்டார். குழாய் ரிப்பேர்காரர் சொன்ன நாளில் வருவதற்கான வாய்ப்பு என்றேன், உடனே புரிந்துவிட்டது. கடைசியில் தப்பு எங்கே என்றால், ஒரு துகள் என்றால் என்றைக்கும் அது ஒன்றுதான் என்று பிடிவாதம் பிடித்ததில்தான். ஆற்றல் போதுமான அளவு இருந்தால் புதிதாகத் துகளும் எதிர்த்துகளும் ஜோடியாகப் பிறக்கும், சந்தித்தால் மறையும், தலையெண்ணிக்கை நிற்காது. அதனால் துகளைக் கீழே இறக்கி, எங்கும் பரவிக் கிடக்கும் புலம்தான் அடிப்படை, துகள் அதில் எழும் அதிர்வு என்று வைத்தார்கள். ஒளி போய்ச் சேர நேரமில்லாத இரண்டு இடங்களில், இங்கே அளந்து பார்ப்பது அங்கே அளப்பதைக் கெடுக்காது என்றும் வைத்தார்கள். குடித்தனம் நடந்தது. நடுவில் கணக்கில் முடிவிலி வந்து நின்றதாம், அதையும் எப்படியோ வழிக்குக் கொண்டுவந்தார்களாம். முடிவிலியைச் சமாளித்த கூட்டத்துக்கு ஒரு கழித்தல் குறி மலையாகிவிட்டது பார்.

காலமும் இடமும் சேர்ந்த தூரத்தை அளக்கும்போது ஒன்றுக்குக் கூட்டல், மற்றதற்குக் கழித்தல், எதற்கு எது என்பது எழுதுகிறவர் இஷ்டம், புத்தகம் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் போதும். இது நான் சொல்வதில்லை, உன் முதல் அத்தியாயத்தில் நீயே எழுதியது. அவர் காலத்துக்குக் கூட்டல் போட்டு ஆறு அத்தியாயம் எழுதினார், நீ கழித்தல் போட்டு ஆறு எழுதினாய். ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்காமல் ஒட்டி அனுப்பினீர்கள். அவருடைய சூத்திரத்தை உன் அத்தியாயத்தில் போட்டால் நிறையின் வர்க்கம் கழித்தலில் வருகிறது என்று பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பினார். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நீ, எனக்கும் அதேதான் என்று அவர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பல்கலைக்கழகத்துக்கு எதிரே அறை எடுத்துப் போய் இரண்டு மாதமாகிறது. போன மாதம் வக்கீலைப் பார்க்கட்டுமா என்று எழுதியிருந்தாய். பார்த்து என்ன சொல்வாய், என் புருஷன் காலத்தைக் கூட்டுகிறார் என்றா? ஊருக்குத்தான் உபதேசமடி உனக்கில்லை. அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து அப்பா இரண்டு கவளத்துக்கு மேல் சாப்பிடவில்லை, அதையும் தெரிந்துகொள்.

நாங்கள் மட்டும் பெரிய புத்திசாலிகள் என்று சொல்லவில்லை. தையல்கடை வைத்த புதிதில் செவிலியர் சீருடை இருபத்து நான்கு தைக்க எடுத்தோம், அப்பா தையலுக்கு அரை அங்குலம் விட்டு வெட்டினார், ஒரு அங்குலம் விட்டிருப்பார் என்று நான் பிடித்துத் தைத்தேன். இருபத்து நான்கு பேரும் மூச்சு விட முடியாமல் கடைக்கே வந்து நின்றார்கள். யார் மேல் தப்பு என்று இன்றுவரை முடிவாகவில்லை, நேற்றுக்கூட அதற்கு ஒரு சண்டை. ஆனால் அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் தையலைப் பிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை வந்த உன் கடிதத்தைப் பற்றி. என் ஆறு அத்தியாயங்களையும் அவர் குறிக்கு மாற்றிவிட்டேன், இந்த மாதக் கடைசியில் நேரே பதிப்பகத்துக்கு அனுப்பப் போகிறேன், அவரிடம் மூச்சு விடாதே என்று சத்தியம் கேட்டிருந்தாய். கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு அழுதேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது. மனசு வந்ததே உனக்கு. ஆனால் விட்டுக்கொடுப்பதைக்கூட அவருக்குத் தெரியாமல்தான் செய்ய வேண்டுமா? இறங்கி வருகிற படியிலும் நீயே முதலில் நிற்க வேண்டும், அதுதானே.

இதுவரை எழுதிவிட்டு ஒரு சட்டையின் பொத்தானுக்குக் காஜா எடுக்கப் போனேன், போன் அடித்தது. மாப்பிள்ளை. சாப்பிட்டீர்களா என்றேன், அதைக் காதில் வாங்காமல் ஆரம்பித்துவிட்டார். அத்தை, அவ குறிதான் சரின்னு நான் ஒத்துக்கலை, ஆனா அவ இல்லாம அந்த ரூம்ல என்னால இருக்க முடியலை, என் ஆறு அத்தியாயத்தையும் அவ குறிக்கு மாத்திட்டேன், மாசக் கடைசியில நேரா பதிப்பகத்துக்கு அனுப்பிடுவேன், அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க என்றார். சரி என்று சொல்லி வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். அடி படித்த பைத்தியங்களா, அவருடைய ஆறும் இப்போது உன் குறியில், உன்னுடைய ஆறும் அவர் குறியில், புத்தகம் மறுபடியும் ஒட்டாது. அப்பாவிடம் சொன்னேன், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதில் சிரிப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், தலைவலி என்றாயே, மூக்குக்கண்ணாடியை மாற்று, தள்ளிப் போடாதே. நீங்கள் இருவரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், சண்டை போட்டுக்கொண்டாவது ஒரே வீட்டில் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவருக்குக் கொடுத்ததை இந்தக் கடிதத்தில் உடைத்துவிட்டேன், அந்தப் பாவம் என்னோடு போகட்டும். உனக்குக் கொடுத்ததை நான் உடைக்க மாட்டேன். அதை நீயே அவர் அறைக் கதவைத் தட்டி உடை.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் சேர்த்து,
அம்மா