ராஜாவுக்கு வேண்டியவனின் படம்

பிரியமுள்ள ஜெனின் அம்மாவுக்கு,

போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே துபாயில், அல் கூஸில் எங்கள் வேர்ஹவுஸுக்கு ஒரு பழைய ஓவியம் வந்திருக்கிறது. இங்கிலாந்து ராஜா ஒருவருக்கு ரொம்ப வேண்டியவனாக இருந்த துரையின் படம். நகல் என்று நினைத்து எங்கோ மூலையில் போட்டிருந்தார்களாம். மேலே யாரோ பூசியிருந்த சாயத்தைத் துடைத்ததும் அசல் என்று தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று, துடைத்த மேடத்திடம் கேட்டேன். "கண்ணைப் பார் தம்பி. நகலில் கண் சும்மா திறந்திருக்கும். இவன், எதிரே நின்று தன்னை வரைகிறவரைப் பார்க்கிறான்" என்றார்.

அதிலிருந்து எனக்கு டியூட்டியில் மனசு நிற்கவில்லை.

மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படம் அனுப்பியிருந்தாய். ஸ்டுடியோக்காரர் வரவில்லை, வீட்டு ஆட்களே எடுத்தோம் என்றாய். வீட்டு ஆட்கள் எல்லோரும் படத்துக்குள் நிற்கிறார்கள். எல்லோரும் படம் எடுக்கிற போனைப் பார்க்கிறார்கள். நீ மட்டும் கொஞ்சம் மேலே, எடுக்கிறவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாய். நம் கல்யாண ஆல்பத்தில்கூட உனக்கு அந்தச் சிரிப்பு இல்லை.

எடுத்தது யார் என்று பிள்ளையிடம் கேட்டேன். "அம்மாகிட்ட கேளுங்கப்பா" என்றாள்.

கேட்கிறேன்.

பிள்ளையின் அப்பா